ரோட்டுக்குக் கேட்காத வாய்ப்பாடு

எனக்கு வாய்த்தது குரல். இனிமையான குரல் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். நான் சமையலறையில் பாட ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். தூரம் போகிற குரல், அவ்வளவுதான். மொரப்பூரிலிருந்து அரூர் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. பஸ் ஹாரன், லாரி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் எல்லாவற்றையும் தாண்டி என் பாடம் எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பள்ளிக்கு ஒரே ஒரு பெரிய அறை. நடுவில் இரண்டு இரும்பு பீரோக்களை முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தி அதை இரண்டாக்கியிருந்தோம். அந்தப் பக்கம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளோடு தலைமை ஆசிரியர். இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளோடு நான். ஆசிரியர்கள் இருவர்தான். அவர் பக்கம் செய்யுள் ஒப்பிக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் நாங்கள் வாய்ப்பாட்டைத் தூக்கிப் பிடிப்போம். நாங்கள் ஏற்றினால் அவர்கள் இன்னும் ஏற்றுவார்கள். பகல் பதினோரு மணி வாக்கில் பீரோ கதவே அதிரும். யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை, சொல்லப்போனால் ஊருக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஊர் எங்களை எடை போட்டது டீக்கடை பெஞ்சிலிருந்துதான். சத்தம் வந்தால் டீச்சர் பாடம் நடத்துகிறார். வராவிட்டால் டீச்சர் லீவு. ஒருமுறை நான் பயிற்சி வகுப்புக்காகத் தர்மபுரிக்குப் போயிருந்தேன். தலைமை ஆசிரியர் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து, சாயங்காலம் வரை வாய்ப்பாடு சொல்ல வைத்திருக்கிறார். மறுநாள் டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "நேத்து ரொம்ப நல்லா நடத்துனீங்க டீச்சரம்மா" என்று பாராட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன்.

டீக்கடைக்காரரின் மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்தாள். எங்கள் கூட்டுக் குரலுக்கு அவள்தான் தலைவி. முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஓரஞ்சு அஞ்சு" என்று அவள் எடுத்துக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் பின்னால் இழுப்பார்கள். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கிற அப்பா, "கேக்குதா? எம் பொண்ணு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாராம். அவர் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருந்தார். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றாலும் சுவர் பூச வேண்டும் என்றாலும் முன்னால் நிற்பவர். கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைப் படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்த ஜூன் மாதம் ஒரு அம்மா தன் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தாள். பெண்ணுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இவர்களும் அங்கேதான், கட்டடத்துப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் இருந்திருக்கிறார்கள். பெண்ணுக்காகவே அம்மா மட்டும் ஊருக்குத் திரும்பி, இங்கே ஜவ்வரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"அங்க மிசினு சத்தம் இவளுக்கு ஆவலைங்க. ராவும் பகலும் அழுவுறா. நம்மூரு இஸ்கூலுன்னா அமைதியா இருக்கும்னு கூட்டியாந்துட்டேன்" என்றாள்.

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பீரோவுக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு செய்யுளைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. அந்தப் பெண் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். அம்மா, தண்ணி, போலாம் என்று சில சொற்கள். முகத்தைப் பார்க்கமாட்டாள். யாராவது தோளில் கை போட்டால் நழுவிவிடுவாள். ஆனால் எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும் அவளுக்கு. வாசலில் பிள்ளைகள் உதறிவிட்டு வந்த செருப்புகளை ஜோடி சேர்த்து, சிறிசிலிருந்து பெரிசு வரை வரிசையாக வைப்பாள். என் செருப்பு கடைசியில் இருக்கும். தலைமை ஆசிரியர் ஷூ போடுகிறவர் என்பதால் அதைத் தனியாக வைப்பாள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது என்று எனக்குப் பட்டது அதைப் பார்த்துத்தான்.

வாரம் ஒருநாள் வண்டியில் வந்து போகிற சிறப்பு ஆசிரியை ஒருவர் உண்டு. பல பள்ளிகளைப் பார்க்கிறவர், எப்போதும் வெயிலில் கறுத்து, ஹெல்மெட்டும் கையுமாகவே நிற்பார். அவர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். அதற்குத் தமிழில் புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். வாசலில் கிடக்கிற அத்தனை செருப்பும் யாருடையது என்று தெரிந்த பெண்ணுக்கு எந்தச் சிந்தனை இல்லையாம்?

"நமக்குச் சத்தம் சத்தம்தாங்க டீச்சர். இந்தப் புள்ளைக்கு அது அடி விழற மாதிரி" என்றார் அவர்.

"சத்தம் இல்லாம இத்தனை புள்ளைங்கள வெச்சு எப்படிங்க நடத்தறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போனார். அவருக்கும்தான் என்ன தெரியும், எங்கள் பீரோவைப் பற்றி.

அந்த வாரமே அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் மகள் எடுத்துக் கொடுக்க, அறையே கிழிகிற மாதிரி பிள்ளைகள் கத்தினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் புதுப் பெண் இருந்த இடம் காலி. வாசலுக்கு ஓடினேன். அவள் காதைப் பொத்தியபடி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். அரூர் பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நான் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது.

தலைமை ஆசிரியர் நல்லவர், ஆனால் பயந்தவர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. "ஏதாச்சும் ஆயிருந்தா என் தலைதான் டீச்சர் உருளும்" என்றார். "வீட்டுவழிக் கல்விக்கு மாத்திடலாம். பேரு இங்கேயே இருக்கும். வாரம் ஒருநாள் வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லிக் கொடுப்பாங்க."

பெயர் பள்ளியில், பிள்ளை வீட்டில். எழுந்து நடக்கவே முடியாத குழந்தைகளுக்காக வந்த ஏற்பாடு அது, அவர்களுக்கு நல்ல ஏற்பாடும்கூட. இவளுக்கு எதற்கு? இவள் ஓடுகிறாள். பஸ்ஸையே நிறுத்துகிற ஓட்டம். சட்டப்படி யாரும் அவளை வெளியே அனுப்ப முடியாது என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். ஆனால் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று நாலு பேர் சொன்னால், அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் அம்மா வந்தாள். மில்லிலிருந்து நேராக வந்திருந்தாள், தலைமுடியெல்லாம் மாவு. விஷயத்தைக் கேட்டதும் பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வூட்ல வெச்சிகிட்டு நான் என்னாங்க பண்ணுவேன்? உள்ள போட்டுப் பூட்டிட்டுத்தான் மில்லுக்குப் போவோணும். பெங்களூர்ல அப்பிடித்தாங்க வெச்சிருந்தேன். வேணாம்னுதான இங்க வந்தேன்" என்றாள். அழவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. பாதி இரக்கம், பாதி தலைமை ஆசிரியர்மேல் இருந்த வீம்பு.

மறுநாளே சத்தத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவது என்பது எனக்குச் செருப்பில்லாமல் வெயிலில் நடக்கிற மாதிரி. பிள்ளைகளிடம், இனிமேல் இந்த அறைக்குள் எல்லோருக்கும் பூனைக் குரல்தான் என்றேன். பூனை எப்படி நடக்கும், எப்படிப் பேசும் என்று செய்து காட்டினேன். விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகப் பழகிவிட்டார்கள். நான் மறந்து குரலை உயர்த்தினால், "டீச்சர், பூனை" என்று என்னையே அடக்கினார்கள். வாய்ப்பாட்டை இரண்டிரண்டு பேராக, முகத்துக்கு முகம் உட்கார்ந்து, மெல்லச் சொன்னார்கள். தலைமை ஆசிரியரிடம் தினமும் நச்சரித்து, அவர் வகுப்பைக் காலை வெயில் ஏறும்வரை புங்க மரத்தடிக்கு அனுப்பினேன்; உள்ளே வந்தபின் செய்யுளை ஒப்பிக்காமல் எழுத வைக்கச் சொன்னேன். அவருக்கு மனசு இல்லைதான். ஆனால் என்னோடு சண்டை போடுவதைவிட மரத்தடி மேல் என்று முடிவு செய்தார்.

சத்தம் அடங்கியதும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பிள்ளைகள் எனக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அதுவரை எனக்குக் கேட்டது கும்பல். இப்போது ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒரு பையன் மூவஞ்சு என்று கேட்டதும் உதட்டுக்குள் ஒந்து, எரடு, மூரு என்று விரல்விட்டு எண்ணி, பிறகு அதைத் தமிழாக்கிப் பதினஞ்சு என்றான். அவன் வீட்டார் பல வருஷம் கர்நாடகப் பக்கம் எஸ்டேட் வேலையில் இருந்தவர்கள். இந்தப் பையன் ஏன் எப்போதும் பின்தங்கி வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தான். இன்னொருத்தி வாய்ப்பாடே சொல்லவில்லை, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அது போதுமாக இருந்திருக்கிறது. ஒன்றாகக் கத்துகிறபோது எல்லோருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படித்தான் டீக்கடைக்காரர் மகளும் வெளிப்பட்டாள்.

தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து படி என்றேன். மடமடவென்று ஒப்பித்தாள். படத்தைப் பார்த்துச் சொல்கிறாளோ என்று சந்தேகம் வந்து, படமில்லாத வேறொரு பக்கத்தைத் திருப்பினேன். நின்றுவிட்டாள். அவள் கண் எழுத்தின்மேல் போகவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். பாவம், கேட்டுக் கேட்டே மூன்றாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். ஒரு முறை காதில் விழுந்தால் அப்படியே பிடித்துக்கொள்கிற பெண். எழுத்தின் தேவையே அவளுக்கு வரவில்லை.

எங்கள் வகுப்பில் பிள்ளைகளை வயசைப் பார்க்காமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக உட்கார வைப்போம். எழுத்தை இப்போதுதான் பழகுகிறவர்கள் அரும்பு. சரளமாகப் படிக்கிறவர்கள் மலர். மனசு புண்படக் கூடாது என்று பூப்பெயர் வைத்தார்கள். ஆனால் அரும்பு என்றால் என்ன, மலர் என்றால் என்ன என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அதன் வீட்டுக்கும் தெரியும். மலரில் இருந்தவளை நான் அரும்புக்கு மாற்றினேன். அன்று முழுக்க அவள் தலை நிமிரவில்லை.

அரும்புப் பாயில் அவளுக்குக் கிடைத்த இடம் அந்தப் புதுப் பெண்ணின் பக்கத்தில். அந்தப் பெண் எழுத்து அட்டைகளை எடுத்து அ, ஆ என்று வரிசை பிசகாமல் தரையில் அடுக்குவாள். கலைத்தால் முதலிலிருந்து அடுக்குவாள். அலுக்காது. டீக்கடைக்காரர் மகள் முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒவ்வொரு அட்டை விழும்போதும் அதன் எழுத்தைச் சொன்னாள். அதுவும் அந்தக் குரலில் இல்லை. ரோட்டையே தாண்டுகிற குரலை இறக்கி, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் வரை புதுப் பெண் அடுத்த அட்டையை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. நான் அந்தப் பக்கம் போகாமல் தள்ளியே உட்கார்ந்திருந்தேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அந்தப் பெண் சாயங்கால மணி வரை வகுப்பில் இருந்தாள். ஒரு நாளும் கேட்டுப் பக்கம் ஓடவில்லை. நான் அந்த வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் ஊர் என்னைப் பற்றி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ரோட்டுக்குச் சத்தமே வரவில்லை. தலைமை ஆசிரியர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். டீச்சரம்மா உள்ளே தூங்குகிறார் போல. ஒருநாள் டீக்கடைக்காரர் சுற்றுச்சுவர் ஓரமாக வந்து, ஜன்னல் வழியாக போனில் வீடியோ எடுத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வாயசைக்கிறார்கள்; நான் தரையில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன்; கையில் குச்சி இல்லை, கரும்பலகையில் எழுத்து இல்லை. "நம்ம இஸ்கூலு லட்சணத்தப் பாருங்க" என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சத்தமே வராததால் தங்கள் போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு பேர் நினைத்தார்களாம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

தலைமை ஆசிரியர் உடனே மேலாண்மைக் குழுவைக் கூட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அதே அறையில் பாய் விரித்தோம். பெற்றோர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா மில்லில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்திருந்தாள். பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூடவே கூட்டி வந்து, சுவரோரமாக உட்கார்ந்தாள். எதற்குக் கூட்டம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண்ணின் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தலைமை ஆசிரியர் சுற்றி வளைத்துப் பேசினார். ஒரு பிள்ளைக்கு உள்ள சிரமம், மற்றப் பிள்ளைகளின் நலன், ரோடு, பாதுகாப்பு, கடைசியில் வீட்டுவழிக் கல்வி. டீக்கடைக்காரர் எழுந்தார்.

"அந்தப் புள்ளமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஒரு புள்ளைக்காக அல்லாப் புள்ளைங்க வாயையும் கட்டிப்போடுறது ஞாயமா? எம் பொண்ணு சத்தம் எங் கடைக்குக் கேக்கும். ரெண்டு மாசமா கேக்கல. என்னாடான்னு பாத்தா, ஒண்ணாங் கிளாசுப் புள்ளைங்களோட கீழ உக்கார வெச்சிருக்காங்க. நல்லாப் படிச்சிட்டு இருந்த புள்ளைங்க அது!"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"உங்க பொண்ணுக்கு முன்னாடியும் படிக்கத் தெரியாதுங்க. சத்தத்துல உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, அவ்வளவுதான். இப்பத்தான் எழுத்துப் பழகறா. யாரு பக்கத்துல உக்காந்து பழகறான்னு கேளுங்க அவளை!" மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த என் குரல் முழுசாக வெளியே வந்தது. நிச்சயம் டீக்கடை பெஞ்சு வரை போயிருக்கும்.

அவ்வளவுதான். அவர் கத்தினார். அவருக்கு ஆதரவாக நாலு பேர் கத்தினார்கள். எனக்காக இரண்டு அம்மாக்கள் எழுந்து கத்தினார்கள். தலைமை ஆசிரியர் "அமைதி, அமைதி" என்று எல்லோரையும்விட மேலே கத்தினார். "அந்தப் புள்ளைய வெச்சிகிட்டு ஏன் இவ்ளோ ரகள?", "அதுக்குன்னு தனியா இஸ்கூலு இருக்குதில்ல?", "பெத்தவளுக்கே தெரிய வேணாமா?" என்று யார் யாரோ. பீரோ கதவு அதிர்ந்தது.

எனக்குச் சட்டென்று அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. ஓடப்போகிறாள், ரோட்டில் பஸ் நேரம் என்று வாசலை மறித்து நிற்கப் பாய்ந்தேன். வாசலில் அவள் இல்லை. மேசைக்கு அடியிலும் இல்லை.

சுவரோரம் அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவளுக்கு முன்னால் அந்தப் பெண் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, அம்மாவின் காதுகளைப் பொத்தியிருந்தாள்.

தன் காதுகளைத் திறந்து விட்டிருந்தாள். யாராவது கத்தினால் அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கியது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

முதலில் பார்த்தவர் டீக்கடைக்காரர்தான். பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். இன்னும் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து அடங்கினார்கள். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

டீக்கடைக்காரர் என் பக்கம் வந்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எம் பொண்ணுக்கு எழுத்து வந்துருங்களா, டீச்சரம்மா?"

"வந்துரும்ங்க. பாதி வந்துருச்சு."

தலையாட்டினார். பிறகு சுவரோரம் போய், கொஞ்சம் தள்ளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கும்மா கூட்டியாருவ? கேட்டுல நான் நிக்கிறேன். ரோட்டுக்கு உடமாட்டேன்" என்றார்.

அம்மாவுக்கு அது கேட்கவில்லை. பெண்ணின் கைகள் இன்னும் அவள் காதுகளின்மேல் இருந்தன. டீக்கடைக்காரர் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பெண் கையை எடுக்கிறவரைக்கும் நாங்கள் எல்லோரும் அப்படியே காத்திருந்தோம்.